செவ்வாய் வயிறு

காலையில் பால் வண்டி வருவதற்கு முன்பே விண்தளிர் அடுக்ககத்தின் தரைத்தளப் பலகையில் அந்த வாரத்து ரேங்க் ஒளிர்ந்துவிடும். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் கூடுவார்கள். முதலிடம் யாருக்கு, எந்த மாடி சறுக்கியது, ஐந்தாம் மாடிக்காரி பிள்ளை திடீரென்று எப்படி மேலே ஏறியது, அதில் தில்லுமுல்லு ஏதும் உண்டா என்று அலசி முடித்த பிறகுதான் அவரவர் வீட்டில் அடுப்பு எரியும். பட்டியலில் இருந்த ஒரு பிள்ளைக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை என்பதுதான் காரணம்.

உடன்குடிக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்து ஏவுதளம் ஜன்னலில் தெரியும்படி கட்டிய குடியிருப்பு அது. வாரம் தவறாமல் செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு விண்கலம் கிளம்பும். கண்ணெதிரே பேருந்து புறப்பட்டுப் போகும்போது ஏறாமல் நிற்கிறவர்களுக்கு ஒரு புழுக்கம் வருமே, அது அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பொதுச் சொத்து. செவ்வாய்க் குடியேற்ற வாரியம் ஐந்து வயதுப் பிள்ளைகளை மட்டுமே சோதித்து எடுக்கும். பெரியவர்களைத் திரும்பியும் பார்க்காது. பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அப்பாவும் அம்மாவும் வாலாக ஒட்டிக்கொண்டு போகலாம்.

ஏன் ஐந்து வயது என்று கேட்டால், மனித உடம்பின் கதை அப்படி. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வெளியுலகச் சேதி வருவது தாயின் இரத்தம் வழியாகத்தான். அவள் வயிறாரச் சாப்பிட்டால் வெளியே விளைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். அவள் அரைவயிறாகக் கிடந்தால் வெளியே பஞ்சம் என்று முடிவுகட்டி, கல்லீரலையும் கணையத்தையும் மூளையின் பசிமையத்தையும் பஞ்சத்துக்குத் தோதாக அமைத்துக்கொள்ளும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாது. எந்த எழுத்தைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்பது மட்டும் மாறும். பிறந்து இரண்டு வயதுவரை இந்தக் கட்டுமானம் நடக்கும். பிறகு சிமெண்டு இறுகிவிடும். இறுகியதைத் திறந்து பார்த்து, தேறுகிறதா என்று சொல்ல வாரியத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளை வேண்டும்.

செவ்வாயில் சோற்றுக்குத் தட்டுப்பாடு என்பது விண்தளிரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு மதியச் சாப்பாட்டில் தீருவதை அங்கே நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆகவே பஞ்சத்தைத் தாங்கும் பிள்ளை வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் பட்டினி கிடக்க வேண்டும். கணக்கு நேராகத்தான் இருந்தது. அதற்காகவே கீழ்த்தளத்தில் செல்வக்கனி டீச்சர் ஒரு கருப்பயிற்சி மையம் வைத்திருந்தார்.

டீச்சர் ஒருகாலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்தவர். இயந்திரங்கள் பாடம் நடத்தத் தொடங்கியதும் பிழைப்பு போனது. மனம் தளராமல், போட்டி இல்லாத சின்ன வயதுக்குப் போகலாம் என்று போய்க்கொண்டே இருந்தவர், கடைசியில் கருப்பைக்குள் போய் நின்றார். மையத்தில் மங்கலான சிவப்பு விளக்கு. கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்து உலர்ந்த நீர்ப்பாசி மாவைக் கரைத்த செவ்வாய்க் கஞ்சியைக் குடிப்பார்கள். மூளை வளர நாக்கில் இரண்டு சொட்டு மீனெண்ணெய், ஒரு சொட்டு இரும்பு. உடம்புக்குப் பட்டினி, மூளைக்கு விருந்து என்பது டீச்சரின் சொந்தத் தத்துவம். மையத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், குடியிருப்பில் கர்ப்பமாகும் ஒவ்வொருத்தி தொப்புளுக்குக் கீழும் அரிசி அளவில் ஒரு கருமணி பதித்திருக்கும். என்ன தின்றாள், எவ்வளவு தூங்கினாள், யாரை நினைத்துப் படபடத்தாள் என்பதுவரை அது பலகைக்குச் சொல்லிவிடும். இத்தனை வருடத்தில் விண்தளிரிலிருந்து செவ்வாய்க்குப் போன பிள்ளைகள் மூன்றே மூன்று. அந்த மூன்று படங்களும் வாசலில் ஆளுயரத்துக்கு நின்றன. போகாதவர்களுக்குப் படம் வைக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாதே.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இரண்டாம் மாடி பிரம்மசக்தி கர்ப்பமானாள்.

சக்திக்கு உடன்குடித் தோப்புகளில் பனையேறும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. கையில் எப்போதும் கிரீஸ், பேச்சில் எப்போதும் எண்ணெய் இல்லாத திருகாணி. மூன்று மாதம் ஆகியும் அவள் கீழே இறங்கி வரவில்லை என்றதும் டீச்சரே மாடி ஏறினார்.

“என்னட்டி சக்தி, மூணு மாசம் ஓடிட்டு. இன்னும் ஒன்னக் கீழ காணலியே?”

“வரல டீச்சர்.”

“இன்னைக்கு வரலியா?”

“என்னைக்குமே வரல.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் முருங்கைக்கீரை வதங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“புள்ளைக்கு என்னதான் எதிர்காலம் வச்சிருக்க நீ?”

“உடன்குடி வச்சிருக்கேன்.”

டீச்சர் படி இறங்கி முடிப்பதற்குள் இந்தப் பதில் எட்டாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திமிர் என்றார்கள் சிலர். வாந்தி அதிகமாகி மூளை குழம்பியிருக்கும் என்றார்கள், கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள்.

உண்மைக் காரணம் மூன்றாம் மாடியில் இருந்தது. சக்தியின் அக்கா தங்கபுஷ்பம் அங்கே குடியிருந்தாள். மையத்தில் சேர்ந்து, பலகையில் இரண்டாம் இடம்வரை போய், சொன்னபடியெல்லாம் பட்டினி கிடந்து பெற்ற பெண் அருள்ஜோதி. ஐந்து வயதில் சோதனைக்குப் போனாள். இடம் கிடைக்கவில்லை. இப்போது எட்டு வயது. இரண்டு இட்லி சாப்பிட்டால் நாலு இட்லிக்குரிய கொழுப்பு உடம்பில் ஏறும். மாடிப்படியில் மூச்சு வாங்கும். முழங்கைக்கு மேல் சர்க்கரை அளவு பார்க்கும் பட்டை ஒட்டியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பாடத்தில் மனம் நிற்காது. யார் பையில் என்ன டிபன் என்று மட்டும் மணக்க மணக்கத் தெரியும். பஞ்சத்துக்கென்று கட்டிய உடம்பு, வரவே வராத பஞ்சத்துக்காக மூட்டை கட்டிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் மாடிக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். செவ்வாய் வயிறு என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.

யாரும் கஞ்சியைக் குறை சொல்லவில்லை. தங்கபுஷ்பம் ஏழாம் மாதத்தில் ஆசை தாளாமல் பாதி முறுக்கு தின்றிருக்கிறாள், அதனால்தான் இடம் போயிற்று என்று குடியிருப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தங்கபுஷ்பமும் அதை நம்பினாள். பாதி முறுக்குக்காக மூன்று வருடமாக அழுகிற அக்காவைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் சக்தி. தன் வயிற்றில் இருப்பது இந்த ஊரில் பிறக்கப் போகிறது. இந்த ஊர் உடம்போடுதான் பிறக்க வேண்டும். அதில் அவள் முடிவாக இருந்தாள்.

புருஷன் லிங்கதுரை அவ்வளவு முடிவாக இல்லை. ஏவுதளத்தில் எரிபொருள் வண்டிகளை மேய்க்கிற வேலை அவனுக்கு. வாராவாரம் அடுத்தவர்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கையசைத்துக் கையசைத்துத் தோள்பட்டையில் வலி வந்தவன்.

“ஏட்டி, ஊரே கஞ்சி குடிக்கு. நமக்கு மட்டும் என்ன கேடு?”

“ஏங்க, ஒங்க புள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசணும்னா இப்ப எப்பிடிப் பேசுவிய? அதுக்கு நான் திங்கதுதான் பேச்சு. வெளிய சோறு கெடையாது, வெளிச்சம் கெடையாதுன்னு சொல்லச் சொல்லுதியளா? ஜன்னலத் தொறந்தா இம்புட்டு வெயிலு கெடக்கு. பொறந்து கண்ணத் தொறந்து பாத்துட்டு, எங்கம்மா பொய்க்காரின்னு நெனைக்காதா?”

லிங்கதுரை சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். பேச்சில் தோற்ற ஆண்கள் வேறு வழி தேடுவார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

சக்தி சாப்பிட்டது ராஜவிருந்து ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை, உளுந்தங்களி, முட்டை, பயறு, மணப்பாட்டுக் கரையில் அன்றன்றைக்கு வந்து இறங்கும் மீன். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று யாராவது தட்டில் தள்ளினால் அதையும் தள்ளிவிடுவாள். பசித்தால் சாப்பிட்டாள், அடங்கினால் எழுந்தாள், மாலையில் தோப்புப் பக்கம் நடந்தாள், நேரத்தோடு தூங்கினாள். பலகையில் அவள் பிள்ளைக்கு வாரம் தவறாமல் பூஜ்யம். அவள் அதைப் பார்க்கக்கூட நிற்பதில்லை. அதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பிரச்சினை மீன்குழம்பில் வெடித்தது. பதினொரு மணிக்கு இரண்டாம் மாடியில் குழம்பு கொதித்தால் வாசனை படிக்கட்டு வழியாக மையத்துக்குள் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு வாயில் எச்சில் ஊறும். சோறு வருகிறது என்று எச்சில் வயிற்றுக்குச் சொல்லும், வயிறு கணையத்துக்குச் சொல்லும், கருமணி எல்லாவற்றையும் பலகைக்குச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். குடியிருப்போர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. சங்கச் செயலாளர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், டீச்சர்தான்.

“ஒனக்குத்தான் அக்கறை கெடையாது. மத்த புள்ளைகளோட வாழ்க்கையிலயும் மண்ணப் போடாத” என்றார் டீச்சர்.

“எம் புள்ளைக்கு மீன்ல மூள கட்டுது. ஒங்க புள்ளைகளுக்குச் சொட்டு மருந்துல கட்டுது. கட்டிக்கிடுங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?”

“வாசன வருதே!”

“மூக்கு ஒங்களுதுல்லா?”

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மீன் சமைத்தால் மொட்டைமாடியில்தான் சமைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.  மறுநாள் சக்தி அடுப்பையும் சட்டியையும் மொட்டைமாடிக்கு ஏற்றினாள். அதுவரை படிக்கட்டோடு நின்ற வாசனை, கடற்காற்று ஏறி எட்டு மாடி ஜன்னலுக்குள்ளும் புகுந்தது. தீர்மானத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று சங்கத்துக்குத் தெரியவில்லை. இதுவரை எந்தச் சங்கத்துக்கும் அது தெரிந்ததில்லை.

ஆறாம் மாதம் ஒரு காலையில் சக்தி வேலைக்குக் கிளம்பும்போது பலகையடியில் நின்ற பெண்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக் குலுக்கினாள். “கடைசியில நம்ம வழிக்கு வந்துட்டியே!” சக்தி நிமிர்ந்து பார்த்தாள். பூஜ்யம் இருந்த இடத்தில் பதினொன்று.

அவள் வேலைக்குப் போகவில்லை. மாடி ஏறி, முந்தின நாள் ரசத்தை மோந்து பார்த்தாள். புளிக்கும் மிளகுக்கும் அடியில் பாசி வாடை. பசியை மட்டுப்படுத்துகிற செவ்வாய்க் கஞ்சி மாவு. குளித்துவிட்டு வந்த லிங்கதுரை அவள் கையில் ரசச் சட்டியைக் கண்டதும் துண்டை எங்கே கட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

“ஒரு கரண்டிதான்ட்டி போட்டேன். புள்ளைக்கு நல்லதுன்னு...”

அவள் கத்தவில்லை. அலமாரியைத் திறந்து, பனியன்களுக்கு அடியில் இருந்த மாவு டப்பாவைத் தானே தேடி எடுத்தாள். “நல்லதுன்னா மொதல்ல அப்பன் குடிக்கணும்” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் லிங்கதுரைக்கு மூன்று வேளையும் செவ்வாய்க் கஞ்சி. முதலில் வீம்பாகக் குடித்தான். பிறகு எரிபொருள் வண்டியோடு சண்டை போட்டான். வண்டியில் ஆள் கிடையாது. ஒரு நாள் டீக்கடையில் யாரோ ஒருவர் தட்டில் மிச்சம் வைத்த பருப்பு வடையை, அவர் கை கழுவப் போன நேரத்தில் எடுத்துத் தின்றுவிட்டான். அந்த வடையைத் தின்றபோது அவனுக்கு அழுகை வந்தது என்று டீக்கடைக்காரர் பலரிடம் சொல்லியிருக்கிறார். வார முடிவில் மணப்பாட்டுக்குப் போய் ஒரு வஞ்சிரத்தை வாங்கிவந்து மொட்டைமாடிக்குக் கொண்டு போனான். அவள் அரிவாள்மணையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான் சமாதானம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. விண்தளிர் வளைகாப்புக்கு ஒரு தனி முறை உண்டு. வளையல் போடுவார்கள், சந்தனம் பூசுவார்கள், பாட்டும் உண்டு. சித்திரான்னங்கள் மட்டும் வராது. அஞ்சு வகைச் சாதத்துக்கு அஞ்சு காலிப் பாத்திரங்கள் வைத்து, மூடியைத் திறந்து காட்டி, திரும்ப மூடிவிடுவார்கள். பிள்ளைக்குத் தியாகம் பழகட்டும் என்று பொருள்.

சக்தி வீட்டில் மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர், கருப்பட்டிப் பொங்கல். வாசலில் நின்ற கர்ப்பிணிகள் வளையலுக்காக மட்டும் வந்தவர்கள், அப்படித்தான் சொன்னார்கள்.

“வாசனைய மட்டும் பாத்துக்கிடுதேன் சக்தி” என்றாள் நாலாம் மாடியிலிருந்து வந்த எட்டு மாதக்காரி. கொஞ்ச நேரம் வாசனையைப் பார்த்தாள். பிறகு புளியோதரைப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி, பிறகு ஒவ்வொருத்தியாக. பரிமாறிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் சட்டென்று நின்று, சீர்த்தட்டிலிருந்து ஒரு முழு முறுக்கை எடுத்தாள். எல்லோரும் பார்க்கக் கடித்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. “நல்லாத்தான் இருக்கு” என்றாள், யாரும் கேட்காமலே.

மறுநாள் பலகை சரிந்தது. முதல் பத்து இடங்களில் ஏழு கவிழ்ந்திருந்தன. குடியிருப்பு சக்தியோடு பேச்சை நிறுத்தியது. நிறுத்தியது அவளோடுதான், அவளைப் பற்றிய பேச்சு இரண்டு பங்கானது. புளியோதரைக்காரியும் பேச்சை நிறுத்தியவர்களில் சேர்ந்துகொண்டாள்.

முத்தரசி பிறந்தாள். சாதாரணப் பிள்ளை. அழும், சிரிக்கும், பாலைக் குடித்துவிட்டுத் தூங்கும். தாய்ப்பாலை நிறுத்தி, மையத்தின் சத்துக் குறைந்த செவ்வாய்ப் பாலுக்கு மாற்றுகிற வழக்கத்தையும் சக்தி ஒதுக்கிவிட்டாள். வளர வளர அந்தப் பிள்ளையிடம் ஒரு விசித்திரத்தைக் குடியிருப்பு கவனித்தது. பசி அடங்கினால் எழுந்துவிடும். தட்டில் பாதி தோசை கிடக்கும்போதே, ஒன்றும் நடக்காதது மாதிரி விளையாடப் போய்விடும். “என்ன புள்ளையோ, ஒரு வெறியே கெடையாது” என்று மற்ற அம்மாக்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் வீட்டில் உணவு அலமாரிகளுக்குப் பூட்டு உண்டு.

ஐந்து வயது ஆனது. வாரியத்தின் சோதனை அதிகாரி விண்தளிருக்கே வந்தாள். பெயர் செந்தாழை. செவ்வாயிலேயே பிறந்த பெண். இந்தப் பூமியின் எடை தாங்காமல் இரண்டு கால்களிலும் உலோகத் தாங்கு மாட்டியிருந்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்பதால் முத்தரசியும் போனாள்.

அம்மாக்கள் பட்டினிச் சோதனைக்குப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். செந்தாழை கூடத்து மேசையில் அதிரசம், முந்திரிக்கொத்து, வாழைப்பழம், தேன்குழல் என்று பரப்பிவைத்தாள். “சாப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்” என்று பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக்கு இந்தப்புறம் அம்மாக்கள் நின்றார்கள். உள்ளே பாய்ச்சல் தொடங்கியது. ஒன்று இரண்டு கையாலும் திணித்தது. ஒன்று சட்டைப்பைக்குள் ஒளித்தது. ஒன்று அழுதுகொண்டே தின்றது. நிறுத்த முடியவில்லை அதற்கு. அம்மாக்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கண்ணை உருட்டினார்கள். முத்தரசி ஓர் அதிரசம் தின்றாள். இன்னொன்றில் பாதி தின்றாள். மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு, அதிகாரியின் கால் தாங்கு எப்படி மடங்குகிறது என்று பார்க்க வெளியே வந்தாள்.

“இந்தக் குழந்தை போதும்” என்றாள் செந்தாழை.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “அது கஞ்சி குடிக்காத புள்ள! பூஜ்யம்! பஞ்சத்த ஒரு நாளு தாங்காதே!”

“எங்களுக்கு எதற்குப் பஞ்சம்? எட்டு ஆண்டுகளாகப் பயிர்க்கூடங்களில் விளைச்சல் மிஞ்சிக் கிடக்கிறது. பூமியிலிருந்து நீங்களெல்லாம் முன்பு பஞ்ச உடம்போடு அனுப்பிய பிள்ளைகளால் மருத்துவமனையில்தான் இடம் இல்லை.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“ஒவ்வொரு வருடமும் கூட்டம் போட்டுச் சொல்கிறோம். எத்தனை இடம் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள்.”

மாலையில் செந்தாழை இரண்டாம் மாடிக்கு வந்தாள். சக்தி உளுந்தங்களி கொடுத்தாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட பிறகு செந்தாழை கால்களை நீட்டி, தாங்குகளைத் தளர்த்திக்கொண்டாள்.

“என் அம்மா என்னைப் பூமிக்கென்றுதான் சுமந்தாள். அங்கே உண்மையிலேயே சோறில்லாத காலம் அது. பக்கத்து அறைக்காரர்களின் பங்கையும் கெஞ்சி வாங்கித் தின்றாளாம். இங்கே வந்து வாழ்வதற்கேற்ற பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று.”

“வந்துட்டியளே.”

“வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து முழங்கால் வலி. சரி, உங்கள் முடிவைச் சொல்லுங்கள். மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது.”

“நாங்க வரலம்மா.”

சொல்லிவிட்டுச் சக்தி புருஷனைப் பார்த்தாள். லிங்கதுரை ஜன்னலண்டை நின்றான். அந்த வாரத்துக் கலம் மேடையில் ஏறி நின்றது. வாழ்நாள் முழுக்க அவன் கையசைத்த கலம். இப்போது அவன் ஒரு வார்த்தை வேறு மாதிரிச் சொன்னால், இந்த வீடு இரண்டாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“ஏங்க, ஒங்க இஷ்டத்தச் சொல்லுங்க.”

அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான். “அஞ்சு வருசத்துக்கு முன்னால கேட்டிருந்தா, செருப்புகூட மாட்டாம ஏறியிருப்பேன். இப்ப எப்பிடிட்டி? இந்த ஊரச் சொல்லி, இந்த வெயிலச் சொல்லித்தான அவள வரவச்சோம். வந்த புள்ளைய வேற எடத்துக்கு வான்னா, நாமதான பொய்யாயிருவோம்.”

சக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவப் போனாள். நெடுநேரம் கழுவினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் குடியிருப்பு என்று ஒன்று இருக்கிறதே.

கிடைத்த இடத்தை வேண்டாம் என்றாளாம்! விண்தளிரால் இதைச் செரிக்க முடியவில்லை. இந்த ஊர் பிடித்துத்தான் இங்கேயே இருக்கிறாள் என்று முதலில் ஒருத்தி சொன்னாள். அவளை எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். செவ்வாயையே உதறுகிறாள் என்றால் அதைவிடப் பெரிய இடம் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கே அது? யார் மூலமாக? என்ன தின்றால் கிடைக்கும்? வேவு பார்க்கத் தொடங்கினார்கள். சக்தி மறுபடியும் கர்ப்பம் என்று தெரிந்தது. சித்திரை வெயிலில் அவள் சந்தையிலிருந்து நுங்கும் ஒரு பெரிய பனிக்கட்டியும் வாங்கி வந்ததை ஆறாம் மாடி பார்த்தது. ஏழாம் மாடி வந்து மோந்து பார்த்தது. டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு மாடி ஏறி வந்தார். கதவைச் சாத்தினார்.

“ஏட்டி, எங்கிட்ட மட்டும் சொல்லு. சனியோட பெரிய நிலா தான? அங்க ஒரே பனின்னு சொல்லுதாவ.”

“எது டீச்சர்?”

“ஐஸ்கட்டி வாங்குனியாம்லா?”

“வெக்க தாங்கல. சர்பத்துக்கு வாங்குனேன். ஒரு கிளாஸ் குடிக்கியளா?”

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். “சரி, சொல்லாத. போன தடவையும் நீ இப்பிடித்தான் அமுக்கமா இருந்து சாதிச்ச. நான் யார்கிட்டயும் மூச்சு விடல.”

அடுத்த வாரமே மையத்தில் சிவப்பு விளக்குகளைக் கழற்றி நீல விளக்கு மாட்டினார்கள். கஞ்சிக்குப் பதில் உறைய வைத்த பால். சேர்க்கைக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. பன்னிரண்டு கர்ப்பிணிகள் பனிக்கட்டி மிதக்கும் தொட்டிகளில் காலை நனைத்து, கம்பளியைப் போர்த்தி, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே உடன்குடி வெயிலில் தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்தது. உள்ளே, பன்னிரண்டு வயிறுகளிலும், பிள்ளைகள் வெளியே பனி கொட்டுகிறது என்று அம்மா சொன்னதை நம்பி, தடித்த கொழுப்பாகப் பார்த்து உடம்புக்குப் போர்வை நெய்யத் தொடங்கியிருந்தன.